மடிப்பு விழாத விரிப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஊசியை எங்கே குத்துவது, சலைன் பாட்டிலில் சொட்டை எப்படி எண்ணுவது என்பதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறது. நான் அதில் கை வைக்கப் போவதில்லை. என்னுடைய கர்வத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது வெள்ளை நிறத்தில், நாலு மூலையோடு, சலவைக் கஞ்சி வாசனையோடு இருக்கும். படுக்கை விரிப்புதான், வேறென்ன!

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில், ஆண்கள் மருத்துவ வார்டுக்கு நான் பொறுப்பு சிஸ்டர். இருபத்து நாலு படுக்கைகள். கத்தி வைக்கிற கேஸ் ஒன்றும் இருக்காது. காய்ச்சல், நெஞ்சுச் சளி, இதயக் கோளாறு, பக்கவாதம் என்று மாத்திரை மருந்தில் தேற வேண்டியவர்கள்தான். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது நோயாளியின் முகத்தை அல்ல, விரிப்பை. அடிவிரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். மேல்விரிப்பை இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடுவேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இருபத்து நாலு பேரும் ஒட்டித் தபாலில் சேர்த்த உறை மாதிரி நேராகக் கிடப்பார்கள். எனக்கு 'மடிப்பு சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபட யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் சந்தோஷமாகத்தான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

ஆண்டு விழாவில் சிறந்த வார்டுக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். மூன்று வருடமாக அது என் மேஜையை விட்டு நகரவில்லை. தெர்மாமீட்டர்களை அதில்தான் போட்டு வைத்திருந்தேன். மற்ற வார்டு சிஸ்டர் யாராவது வந்தால் கோப்பையை லேசாக முன்னால் நகர்த்தி வைப்பேன். இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நகர்த்தினேன்.

ஒரு ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரே நாளில் இரண்டு பேர் நெஞ்சுச் சளிக் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. நாலாம் படுக்கைக்கு வந்தவர் ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நாங்களும் கூப்பிட்டோம். ஐந்தாம் படுக்கைக்கு வந்தவர் இசக்கி. பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே டாக்டர்.

வித்தியாசம் கூட வந்த கூட்டத்தில்தான் இருந்தது. அண்ணாச்சிக்கு மனைவி, இரண்டு மருமகன்கள், மண்டியிலிருந்து மாற்றி மாற்றி மூன்று ஆட்கள். நம் பக்கத்தில் ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதைக் காய்ச்சலில் கிடக்கும்போது கண்டுபிடித்துவிடலாம். பெரிய மனிதர் என்றால் அசைய விடமாட்டார்கள். கஞ்சியை ஒருவர் ஊட்ட, வாயை ஒருவர் துடைக்க, ஒன்றுக்குப் போகும் பாட்டிலைக்கூட ஒருவர் பிடித்துக்கொள்வார். அண்ணாச்சி எழுந்து உட்காரலாமா என்று கையை ஊன்றினாலே நாலு கைகள் அமுக்கிவிடும்.

"நீங்க பேசாமப் படுங்க. எல்லாத்துக்கும் நாங்க இருக்கோம்லா?" என்பார் பெரிய மருமகன்.

எனக்கோ அதில் பரம ஆனந்தம். ஏழு நாளும் அந்த விரிப்பில் ஒரு மடிப்பு விழவில்லை.

இசக்கிக்குக் கூட இருந்து பார்க்க யாரும் கிடையாது. மனைவி பீடி சுற்றுகிறவள், சுற்றியதைக் கடையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். அதனால் தண்ணீர் பிடிக்க, குளியலறைக்குப் போக, காப்பி வாங்க என்று எல்லாவற்றுக்கும் மனிதர் தானே எழுந்து போவார். ஈரக்காலோடு வந்து விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்காருவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"என்ன இசக்கி, இது படுக்கையா, உங்க பட்டறையா?"

"படுத்தே கிடந்தா முதுகு கழண்டுரும் போல இருக்கு சிஸ்டர். பைய ஒரு நட நடந்துட்டு வாரேன்."

"பக்கத்துல அண்ணாச்சியப் பாருங்க, எவ்வளவு ஒழுங்காப் படுத்திருக்காவன்னு!"

இப்படி ஒரு தடவை இல்லை, தினமும் சொன்னேன். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எட்டாம் நாள் காலை. இருவருக்கும் காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. டாக்டர் இருவருக்கும் வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதிவிட்டு, வெளிநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். ஏரலிலிருந்து கார் வந்து வாசலில் நின்றது. மருமகன்கள் பிளாஸ்க்கையும் தலையணையையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இறங்கும் வரையாவது படுக்கை அழகாக இருக்கட்டுமே என்று நான் கடைசியாக ஒரு தடவை விரிப்பை இழுத்துச் செருகினேன். இடது பக்கம் கெண்டைக்கால் இருக்கும் இடத்தில் விரிப்பு சற்றே மேடாக நின்றது. மறுபடி செருகினேன். மறுபடியும் மேடு. எரிச்சலில் விரிப்பை உருவினேன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. அண்ணாச்சியின் மனைவி ஒரு கிண்ணத்தில் சூடு காட்டிய நல்லெண்ணெயோடு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள்.

"ரெண்டு நாளா காலு உளையுது உளையுதுன்னு சொல்லுதாவ, சிஸ்டரம்மா. அதான் எண்ணெய் போட்டு நீவி விட்டேன். கார்ல ஏறுததுக்கு முன்ன இன்னொருக்க நல்லா இழுத்து நீவிட்டா ஊரு போய்ச் சேருததுக்குள்ள சரியாப் போவும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கால் உளைச்சலுக்கெல்லாமா உங்களத் தொந்தரவு பண்ணுதது?"

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மேஜை இழுப்பறையில் ஜன்னல் திரை அளக்க வைத்திருந்த தையல்காரர் டேப் ஒன்று கிடந்தது. அதை எடுத்துவந்து இரண்டு காலிலும் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே அளந்தேன். வலது பதின்மூன்று அங்குலம். இடது பதினைந்து. காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால், அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால், ஆள் நின்ற இடத்தில் போய்விடலாம். படித்தது அத்தனையும் ஞாபகம் வந்தது. ஆனால் என் கையில் இருந்தது திரை அளக்கிற டேப்பும் ஒரு சந்தேகமும்தான்.

"வண்டி நிக்குது சிஸ்டர். டாக்டரே போவச் சொல்லிட்டாவ. வீக்கத்த ஊர்ல போயிப் பாத்துக்கிடுதோம்" என்றார் பெரிய மருமகன். அவர் சொன்னதில் தப்பில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. நான் வெறும் சிஸ்டர். சந்தேகம் பொய்யாகிப்போனால் நாளைக்கு ஆஸ்பத்திரி முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அண்ணாச்சியின் மனைவி எண்ணெயில் விரல்களைத் தோய்த்தாள். நான் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அக்கா, கையை எடுங்க. இந்தக் காலை யாரும் நீவக் கூடாது. அண்ணாச்சி கட்டில விட்டு இறங்கவும் கூடாது."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "எம் புருசன் கால நான் தொடக் கூடாதா?" என்று கண் கலங்கினாள். முப்பது வருடக் குடித்தனத்துக்கு நடுவில் போய் நான் நின்ற மாதிரி இருந்தது.

"தொடலாம்க்கா. டாக்டர் வந்து பாக்கட்டும். அது வரைக்கும் மட்டும்."

மருமகன் சீட்டைக் கொடுங்கள் என்று கை நீட்டினார். நான் அதை நாலாக மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நானே மனமறிந்து போட்ட முதல் மடிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு டாக்டருக்கு போன் செய்தேன்.

இந்த அமளி எல்லாம் தன்னால்தானே என்று அண்ணாச்சிக்குக் கூச்சம். "எதுக்கு இவ்வளவு சத்தம்? நான் என்ன கைப்பிள்ளையா?" என்று கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேச்சை முடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. உதடு கறுத்தது. ஆக்சிஜனை நான் மாட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் மாடிப்படியில் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்தைச் சொட்டாக ஏற்றினோம். மத்தியானம் வரைக்கும் அவர் இருப்பாரா மாட்டாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி வராந்தாவில் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் மனசுக்குள் ஜெபம் செய்துகொண்டே நாடி பார்த்தேன். வழக்கமாகச் சொல்லும் ஜெபம் இல்லை அது, வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். பொழுது சாயும் நேரத்தில் அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "வண்டிக்காரன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. நுரையீரலுக்குப் போனது சின்னத் துண்டுதான் போலிருக்கிறது. இன்னொரு இழுப்பு நீவியிருந்தால், அல்லது அவரை நடத்திக் கூட்டிப்போய்க் காரில் ஏற்றியிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

டாக்டர் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "சிஸ்டர், சளி அவர் ஏரல்லேருந்து கொண்டுவந்தது. இந்த ரத்தக்கட்டி நம்ம வார்டுல உண்டானது."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "நானும் தினம் வந்தேன்லா? ஒரு நாளாவது விரிப்ப விலக்கிக் காலப் பாத்தேனா?" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

இசக்கி அன்று காலையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். அமளியில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஒரு மஞ்சள் பையைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்து, போகும்போது என்னிடம் வந்தார். "அண்ணாச்சி பொழச்சிட்டாவல்லா, அது போதும். உங்க விரிப்பத்தான் தினம் கசக்கிட்டேன் சிஸ்டர், மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மடமடவென்று படி இறங்கி நடந்து போனார். இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தன.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பதினோராம் படுக்கையில் இருந்த ஒரு பஸ் கண்டக்டர் நினைவுக்கு வந்தார். காய்ச்சல் தேறி, வீட்டுக்குப் போகிற நாளில், மனைவி புது வேட்டி கொண்டுவந்து காத்திருக்க, குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் குளியலறை வாசலில் விழுந்தார். தூக்குவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு என்றோம். ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன். அதுவும் ரத்தக்கட்டிதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர் காலை யாரும் அளக்கவில்லை. ஆனால் பத்து நாள் அவரை அசையவிடாமல் இறுக்கிச் செருகியது யார் கை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் முதல் வேலையாக எல்லாப் படுக்கையிலும் மேல்விரிப்பை உருவிவிட்டேன். நோயாளிகள் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டும்! சிஸ்டருக்கே காய்ச்சலோ என்று நினைத்திருப்பார்கள். டாக்டரும் நானும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். வருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே பார்ப்பது. நடக்க முடிந்தவர் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர் படுத்தபடி பாதத்தை ஆட்ட வேண்டும். பக்கவாதம் மாதிரி அதுவும் முடியாமல் கிடப்பவருக்கு, ரத்தம் கசியும் ஆபத்து இல்லையென்றால், சின்ன அளவில் ஹெப்பாரின் ஊசி.

ஏற்பாடு செய்வது சுலபம். நம் ஊர்ப் பெரிய மனிதர்களை நடக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? சொன்னால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கடைசியில் காப்பி கை கொடுத்தது. படுக்கைக்குக் காப்பி வராது, வராந்தாவின் கடைசி பெஞ்சில்தான் கிடைக்கும் என்று சட்டம் போட்டேன். நம்மவர்களுக்குக் காப்பி இல்லாமல் பொழுது விடியுமா? ஒவ்வொருவராக வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பாதத்தை ஆட்டுங்கள் என்றால் யாருக்கும் புரியவில்லை. "தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி மிதிங்க" என்றேன், உடனே புரிந்தது. நீவத் துடிக்கும் மனைவிமாருக்கு, கணவரின் மிதியை எண்ணும் வேலையைக் கொடுத்தேன்.

அண்ணாச்சியைத்தான் மிதிக்க விடவில்லை. கட்டி வந்த காலை மருந்து பிடிக்கும் வரை அசைக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். இன்று அப்படிக் கிடத்துவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். "நடக்க வேண்டிய அன்னைக்குப் படுக்கச் சொன்னீங்க, இப்ப ஊரே நடக்கு, என்னைப் படுக்கச் சொல்லுதீங்க. இது என்ன நியாயம் தங்கச்சி?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் காப்பியைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு ஏற்பாடு நன்றாக ஓட ஆரம்பித்தால் அதையே கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் செய்யத் தோன்றும். நானும் அதில் ஒரு தடவை விழப் பார்த்தேன். திசையன்விளையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இதய பலவீனத்தில் எழ முடியாமல் கிடந்தார். அவருக்கும் வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் போடச் சீட்டில் எழுதியிருந்தது. ஊசியோடு போய்ச் சட்டையை விலக்கினேன். அந்தக் காலத்தில் வயிற்றில் ஊசி என்றால் நாய்க்கடிக்குத்தான்.

"என்னைய எந்த நாய் கடிச்சது? எனக்கே தெரியாமக் கடிச்சிட்டா?" என்றார்.

"இது நாய்க்கடி ஊசி இல்ல சார். கால்ல ரத்தம் உறையாம இருக்கதுக்கு."

"எதுக்கானாலும் கையில போடும்மா. வயிறு ஏற்கெனவே எரிச்சலெடுத்துக் கிடக்கு. ரெண்டு நாளா தாரு மாதிரி கறுப்பாப் போவுது. இத எப்படி பொம்பளப் பிள்ளைககிட்டச் சொல்ல?"

சிரித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றேன். கறுப்பாகப் போகிறது என்றால் குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது. அந்த நேரத்தில் ரத்தம் உறையாத மருந்தை நானே கொண்டுபோய்க் குத்தப் பார்த்தேன். ஊசியை மூடித் தட்டில் வைத்துவிட்டு டாக்டரைத் தேடிப் போனேன். எழுதினதைச் செய்யாமல் ஏன் வந்தீர்கள் என்று முதலில் முகம் சுளித்தார், கேட்டதும் தன் கையால் அந்த வரியை அடித்தார். வயிற்றுப் புண்தான். சாருக்கு அந்த ஊசி போடவே இல்லை. மகனை உட்காரவைத்து மணிக்கொரு தரம் அவர் பாதங்களை ஆட்டவைத்தோம். ஊசி போடும் முன் நோயாளியோடு ஒரு நிமிடம் வம்பளந்தால் வேலை கெட்டுவிடாது, பிள்ளைகளே. அந்த வம்புதான் அவரைக் காப்பாற்றியது.

அந்த வருட ஆண்டு விழாவுக்கு முன், கோப்பைக்காக வார்டுகளைப் பார்வையிடும் குழு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. நேரம் பார்த்தீர்களா, காப்பி நேரம்! இருபத்து நாலில் பதினாறு படுக்கைகள் காலி. விரிப்புகள் கசங்கி, சில தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தன. வராந்தாவில் ஒரு வரிசை ஆண்கள் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இல்லாத தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மறுபரிசோதனைக்கு வந்திருந்த ஏரல் அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தாம மிதிங்கவே! நான் மிதிக்காமக் கிடந்துதான் மாட்டுனேன்."

"சிஸ்டர், இது வார்டா, தையல் கிளாஸா?" என்று கேட்டார் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம். கோப்பை போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. அது பெண்கள் வார்டுக்குப் போனது. தெர்மாமீட்டர்கள் ஊறுகாய் பாட்டிலுக்குக் குடிபெயர்ந்தன. வருத்தம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் அந்த சிஸ்டரோடு நான் பேசவில்லை.

ஆனால் அந்தக் குழு கிளம்பும் முன் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மேடம் ஒரு படுக்கையின் பக்கத்தில் நின்று, "இத ஒண்ணையாவது சரி பண்ணுங்க, பாக்க சகிக்கல" என்றார். பதினோராம் படுக்கை. விரிப்பு பாதி தரையில் கிடந்தது, தலையணை குறுக்கே கிடந்தது. என் கை பழக்கத்தில் விரிப்பின் நுனியைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் அந்தக் கண்டக்டர் கண் முன்னால் வந்தார். அவர் எழுந்து குளிக்கப் போன அன்று காலையிலும் நான் இதே நுனியைச் செருகினேன். அவரை எடுத்துக்கொண்டு போன பிறகும் இந்தப் படுக்கையை நான்தான் விரித்தேன். இரண்டு தடவையும் ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

நுனியை விட்டுவிட்டேன்.

"ஆளு நடந்துக்கிட்டிருக்காரு மேடம்" என்றேன். "அவரு வந்து படுக்கட்டும்."